மூன்றரைச் சுற்று

என் அப்பா சகாதேவன் இந்த 1987 தை மாதம் இறந்தார். வயது ஐம்பது. இரண்டு சிறுநீரகங்களும் நின்றுவிட்டன. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் படுத்திருந்தார். பன்னிரண்டாம் நாள் விடியும்போது போய்விட்டார். துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர், "கயித்துலேர்ந்து உழுந்துட்டாரா?" என்றே கேட்டார்கள். இல்லை. முப்பது ஆண்டுகள் கயிற்றில் தொங்கி வேலை செய்தார். அவரும் விழவில்லை, அவர் கட்டிய கயிற்றை நம்பித் தொங்கிய வேறு யாரும் விழவில்லை. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அடி அண்ணாமலையில் வேர்க்கடலை போடும் குடும்பம் அவருடையது. நான்கு சகோதரர்களுக்கு ஒன்றரை ஏக்கர். மூன்றாமவரான அப்பா பதினெட்டு வயதில் சாத்தனூர் அணைக்கட்டு வேலைக்குப் போனார். அங்கே கலாசிக் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். கயிறும் கப்பியும் கொண்டு கனமானவற்றைத் தூக்குவதும் இறக்குவதும், உயரத்தில் தொங்கிக்கொண்டு வேலை பார்ப்பதும்தான் கலாசி வேலை. அணை முடிந்ததும் ஊர் திரும்பினார். அப்போது எங்கள் பக்கத்துக் கிணறுகளில் மின்மோட்டார் இறங்கத் தொடங்கியிருந்தது. பாறையைக் குடைந்து வெட்டிய கிணறுகள். எழுபது அடி, எண்பது அடி. மோட்டார் இறக்கவும், பழுதானதை ஏற்றவும், உள்ளே விழுந்த மாட்டைத் தூக்கவும், உயரமான கட்டடங்களில் முளைத்த அரசஞ்செடியைப் பிடுங்கவும் அவரைக் கூப்பிட்டார்கள். கூடப் போகிறவர் தசரதன். என் அம்மா ராஜம்மாளின் தம்பி, எனக்கு மாமா.

1973இல் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிணற்றில் மோட்டார் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா உள்ளே ஏணியில் நின்றார். மேலே இருந்தவர்கள் கயிற்றை விட, மோட்டார் நடுவில் ஒரு பாறை விளிம்பில் தட்டி உட்கார்ந்தது. கயிறு தளர்ந்தது. தளர்ந்த அந்த ஒரு நொடியில் வளையத்தில் மாட்டியிருந்த வாய் திறந்த கொக்கி தானே கழன்று திரும்பிக்கொண்டது. மோட்டார் விளிம்பிலிருந்து சரிந்து அப்பாவின் தோளுக்கு ஒரு முழம் தள்ளித் தண்ணீருக்குள் போயிற்று. அவருக்குக் கீறல்கூட இல்லை. மேலே ஏறி வந்து, கொக்கியைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தாராம். கயிறு அறுந்திருந்தால் கயிற்றைத் திட்டலாம். கொக்கி உடைந்திருந்தால் கொக்கியைத் திட்டலாம். இரண்டும் முழுசாக இருந்தன. அதுதான் அவரைப் பயமுறுத்தியது என்று தசரதன் மாமா சொல்வார்.

வாய் மூடுகிற கொக்கி வேண்டும் என்று அன்றிலிருந்து தேடினார். அடுத்த ஆண்டு அது அவர் கைக்கு வந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சாந்த் பாஷா பாய் காயலான் கடை வைத்திருக்கிறார். சென்னையில் பட்டாளத்தார் கழித்துப் போட்ட சாமான்களை ஏலத்தில் எடுத்து வருவார். 1974இல் அப்படி வந்த சாக்கு ஒன்றில் மலையேறும் படைக்காரர்கள் பயன்படுத்திய கொக்கிகள் நாற்பத்து மூன்று இருந்தன. மலையேறுகிறவர்கள் கேரபினர் என்பார்கள். அப்பா பூட்டுக் கொக்கி என்றார். உள்ளங்கை நீளமுள்ள வளையம் அது. ஒரு பக்கம் ஸ்பிரிங் வைத்த நாக்கு உள்நோக்கித் திறக்கும். அந்த நாக்கின்மேல் திருகாணியில் இருப்பது போல மரை வெட்டி, சின்னக் குழல் ஒன்று போட்டிருக்கும். குழலைத் திருகினால் அது நகர்ந்து நாக்கின் நுனியை மூடும். பிறகு நாக்கு திறக்காது. கயிறு தளர்ந்தாலும் கழலாது.

அன்று நடந்ததைப் போன மாதம் துக்கத்துக்கு வந்த பாய் எனக்குச் சொன்னார். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் சொன்னார்.

அப்பா சாக்கைத் தரையில் கொட்டி, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாராம். முதலில் வெள்ளையாக, எடை கம்மியாக இருந்தவற்றை ஒதுக்கினார். பாய்க்குக் கோபம்.

"அதாம்பா காஸ்ட்லி சாமான். அலுமினியம். தூக்கிப் பாரு, பூ மாரி இருக்கு."

"பூ மாரி இருக்கு பாய். எத்தினி தபா கீழ உழுந்துச்சின்னு பூ சொல்லுமா? இரும்புன்னா சொல்லும்."

"மேல நம்பர் அடிச்சிருக்கான் பாரு. இவ்ளோ கிலோ தாங்கும்னு."

"அது அவன் புதுசா செஞ்சப்ப அடிச்சது. இன்னிக்கி இன்னா தாங்கும்னு யாரு அடிப்பா?"

இந்த வாக்கியத்தைக் கேட்டபோது நான் எழுந்து வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன். நான் சென்னையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். கொக்கி, சங்கிலி, கம்பி வடம் இவற்றை இழுத்துப் பார்த்து எண் எழுதுவது என் வேலை. நாங்கள் கொடுக்கும் ஒவ்வொரு தாளின் அடியிலும் இதே கருத்து நான்கு வரியில் அச்சாகியிருக்கிறது. அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது.

பிறகு வடிவம் பார்த்தார். முட்டை வடிவக் கொக்கிகளைத் தள்ளினார். அவற்றில் கயிறு நடுவில் உட்காரும். பாரத்தில் பாதி நாக்கின்மேல் விழும். ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் வளைந்தும் இருப்பவற்றில் கயிறு தானே நேர்ப்பக்கம் ஒதுங்கும். அந்த நேர்ப்பக்கத்தை அவர் முதுகு என்பார். "பாரம் முதுகுல உக்காரணும், நாக்குல உக்காரக் கூடாது." பாய், "மனுசனுக்கும் அதேதான்பா" என்றாராம்.

நாக்கை ஒவ்வொன்றாக அமுக்கி விட்டார். கொக்கியை நேராகப் பிடித்து, சாய்த்துப் பிடித்து, தலைகீழாகப் பிடித்து. எல்லா நிலையிலும் தானே 'டக்'கென்று மூட வேண்டும். வளைவின் உட்பக்கம் கட்டைவிரல் நகத்தால் வழித்தார். நகம் எங்காவது மாட்டினால் தூர வைத்தார். குழலைத் திருகி, சுற்றுகளை வாய்விட்டு எண்ணினார். ஒரே மாதிரிக் கொக்கிகள் எல்லாவற்றிலும் மூன்றரைச் சுற்று வந்தது. ஒன்றில் மூன்றேகால். அது போயிற்று. மதியத் தொழுகைக்குப் போன பாய் திரும்பி வந்தபோதும் எண்ணிக்கொண்டிருந்தார்.

"இன்னா சகாதேவா, பொண்ணு பாக்க வந்தவன்கூட இவ்ளோ பாக்க மாட்டான்."

"பொண்ண இட்டுனு போய் கெணத்துல தொங்கப் போறதில்ல பாய்."

மிஞ்சியது ஒன்பது. அப்பா ஒரு டம்ளர் மண்ணெண்ணெய் கேட்டார். ஒன்பதையும் அதில் போட்டு ஊறவிட்டு, எடுத்து நன்றாகத் துடைத்தார். பிறகு மடியிலிருந்து விபூதிப் பையை எடுத்துக் கொக்கிகளின்மேல் சாம்பலைத் தூவினார். பாய் ஓடி வந்தார்.

"யோவ், யோவ்! கொக்கிக்கெல்லாம் பட்டை போடறியா? எங்க கடை சாமான்லாம் நமாஸ் பண்ற சாமான்யா!"

"கொஞ்சம் இரு பாய். நமாஸ் பண்ணுதா பொய் சொல்லுதான்னு இப்ப தெரியும்."

கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால், மூன்று கொக்கிகளின் வளைவில் வெள்ளைச் சாம்பலின் நடுவே தலைமுடி போலக் கறுப்புக் கோடு. கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்குள் போயிருந்த மண்ணெண்ணெய் வெளியே கசிந்து சாம்பலை நனைத்திருந்தது. அணைக்கட்டுப் பட்டறையில் பற்றவைப்பு வேலை பார்த்த ஒருவர் சுண்ணாம்புத் தூள் போட்டு இப்படிப் பார்ப்பதை அப்பா கவனித்திருக்கிறார். சுண்ணாம்புக்குப் பதில் விபூதி அவருடைய யோசனை. அது மெல்லிய தூள், எப்போதும் மடியில் இருக்கும். பாலிடெக்னிக்கில் நான் இந்தச் சோதனையைப் பாடமாகப் படித்தபோது, ஆசிரியர் கேட்பதற்கு முன்பே கை தூக்கிவிட்டேன்.

நாற்பத்து மூன்றில் ஆறை எடுத்துக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்தார்.

அந்த ஆறு கொக்கிகளோடு அடுத்த எட்டு ஆண்டுகள் வேலை நடந்தது. மாட்டும்போதெல்லாம் வாய்விட்டு எண்ணுவார்: "ஒண்ணு, ஒண்ணர, ரெண்டு, ரெண்டர, மூணு, மூணர." மூன்றரை வந்தால்தான் கையை எடுப்பார். கிணற்று மேட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் கூடச் சேர்ந்து கத்துவார்கள். குழந்தைகள் தெருவில் அவரைக் கண்டால் "மூணர!" என்பார்கள். அவருக்கு அதில் கோபம் இல்லை. குழலைத் திருகியபின் கொக்கியைத் திருப்பி, குழல் கீழ்நோக்கி இறுகும்படி வைப்பார். கயிறு ஆடும்போது குழல் கொஞ்சம் நகர்ந்தாலும் இறுகுகிற பக்கமே நகரும். மேல்நோக்கி இறுகும்படி வைத்தால், ஆட ஆடத் தானே அவிழ்ந்துவிடும். இதை எந்தப் புத்தகமும் அவருக்குச் சொல்லவில்லை.

1982 ஐப்பசியில் நடந்ததைத்தான் முக்கியமாக எழுத வேண்டும். அதில் என் தவறு இருக்கிறது.

எனக்குப் பத்தொன்பது வயது. வேலூரில் மெக்கானிக்கல் டிப்ளமோ கடைசி ஆண்டு. ஆயுத பூஜை விடுமுறைக்கு வந்திருந்தேன். பூஜைக்கு முந்தின நாள் அப்பா ஆறு கொக்கிகளையும் மண்ணெண்ணெயில் கழுவி, குழல்களைத் திறந்தபடியே காயவிட்டிருந்தார். பூஜையன்று கயிறு, கப்பி, கடப்பாரை, கொக்கி எல்லாவற்றையும் மனைப்பலகையில் அடுக்கினோம். அம்மா விளக்கேற்றினாள். சந்தனமும் குங்குமமும் வைக்கிற வேலை எனக்கு. கொக்கியில் பொட்டு வைக்க வாகான இடம் நாக்குதான். உருண்டையாக, மற்ற இடங்களைவிடத் தடிமனாக இருக்கும். ஆறு கொக்கிகளிலும் நாக்கின்மேல், திறந்திருந்த மரையின்மேலேயே, தாராளமாகச் சந்தனம் குழைத்து வைத்தேன். மரையின் இடைவெளி எத்தனை மில்லிமீட்டர் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான்.

பூஜையில் வைத்த சாமானை அன்று தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமிக்கு மறுபூஜை செய்தபிறகுதான் எடுக்க வேண்டும். ஒரு பகல், ஓர் இரவு சந்தனம் அப்படியே காய்ந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பரசுராமன் என்பவர் வாசலில் வந்து நின்று கத்தினார். எங்கள் ஊர்க்காரர், மாட்டு வண்டி ஓட்டுகிறவர். அவருடைய அக்கா ஜோதியம்மாள், கூரை வேயும் புல் அறுக்க விடியற்காலையில் மலைக்குப் போனவர், ஈரப் பாறையில் சறுக்கி விழுந்துவிட்டார். செங்குத்தான பாறையில் இருபதடி கீழே திண்டு மாதிரி ஓர் இடத்தில் தங்கிவிட்டார். கால் உடைந்திருக்கிறது. திண்டுக்குக் கீழே இன்னும் ஐம்பதடி வெறும் பாறை. கூடப் போன பெண் மேலேயிருந்து பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறாள்.

அப்பா பூஜைப் பலகைக்குப் போனார். அம்மா குறுக்கே வந்தாள்.

"மறுபூஜ பண்ணாம எடுக்கக் கூடாதுங்க."

"அந்தம்மா அங்க படுத்துக்கினு, நீ சூடம் கொளுத்தற வரிக்கும் காத்துக்கினு இருக்குமா? தள்ளு ராஜம்."

எல்லாவற்றையும் கோணியில் அள்ளிப் போட்டார். தசரதன் மாமா கயிற்றைத் தோளில் ஏற்றினார். நானும் பின்னால் போனேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மேலே போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. இருபது பேர் கூடியிருந்தார்கள். கீழே ஜோதியம்மாள் மல்லாந்து கிடந்தார். குரல் கொடுத்தால் கையை மட்டும் அசைத்தார். இரவு முழுக்கப் பெய்த மழை நின்றிருந்தாலும் மேற்கே மறுபடி கறுத்துக்கொண்டிருந்தது. மழை தொடங்கினால் பாறையில் தண்ணீர் வழியும். திண்டில் இருப்பது எதுவும் அங்கே நிற்காது. எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

"கடப்பாரைய அடிச்சி கயித்தக் கட்டுய்யா" என்றார் ஒருவர்.

"மலைல கடப்பாரை அடிக்க மாட்டேன்" என்றார் அப்பா. எங்கள் ஊரில் மலைதான் சாமி. அதில் ஏறும்போது அவர் செருப்பும் போடமாட்டார். வீடு அளவு இருந்த ஒரு குண்டுப் பாறையின் அடியைச் சுற்றிக் கனத்த வடத்தைப் போட்டு, அதில் ஒரு கொக்கியை மாட்டி அதன் வழியே கயிற்றை விட ஏற்பாடு செய்தார். இரண்டாவது கொக்கி தன் இடுப்பு வாருக்கு. மூன்றாவது ஜோதியம்மாளைக் கட்டித் தூக்கும் வாருக்கு.

முதல் கொக்கியை மாட்டினார். நாக்கு மூடியது. குழலைத் திருகினார்.

"ஒண்ணு, ஒண்ணர..."

நின்றுவிட்டது. இன்னும் அழுத்தினார். நகரவில்லை.

தசரதன் மாமா கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். "நல்லா இறுகிடுச்சி மாமா. பிடி பிடின்னு இருக்கு. எறங்கு."

"மூணர வரணும்."

"இறுகினா போதாதா?"

அப்பா கட்டைவிரலால் நாக்கை அமுக்கினார். உள்ளே போயிற்று. குழல் பாதி வழியில் நின்றதால் நாக்கின் நுனியை அது மூடவே இல்லை. கைக்கு இறுகியதாகத் தெரிந்தது, பூட்டவில்லை. இரண்டாவதை எடுத்தார். ஒன்றேகால். மூன்றாவதில் இரண்டு சுற்று. ஆறும் அப்படித்தான். குழலைப் பின்னால் திருகி, நகத்தால் மரையைச் சுரண்டினார். மஞ்சளாகத் தூள் உதிர்ந்தது.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அவருக்கும் புரிந்தது. என் பக்கம் அவர் திரும்பவில்லை.

"தண்ணி" என்றார். பாறைக் குழி ஒன்றில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் மூன்று கொக்கிகளைப் போட்டார். கயிற்றின் முனையிலிருந்து தேங்காய் நார்ப் பிரி ஒன்றை உருவி, மரையைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனையையும் பிடித்து மோர் கடைவது போல இழுத்தார். நனைத்து இழுத்தார். மறுபடி நனைத்தார்.

பரசுராமனால் பொறுக்க முடியவில்லை. "யோவ், இன்னாய்யா பண்றே? எங்கக்கா கீழ சாவுது, நீ பாத்திரம் தேச்சிக்கினு இருக்கே!"

"ஆவட்டும். இரு."

"இன்னா இரு? மழ வருது பாரு! ஒனுக்கு பயமா இருந்தா சொல்லிடு. நான் எறங்கறேன். குடு கயித்த."

அவர் கயிற்றுச் சுருளைப் பிடித்து இழுத்தார். கூட்டத்தில் இரண்டு பேர் அவரோடு சேர்ந்தார்கள். அப்பா எழுந்து போய்ச் சுருளின்மேல் உட்கார்ந்துகொண்டார். அங்கே உட்கார்ந்தபடியே நாரை இழுத்தார்.

"பரசுராமா, ஒங்கக்காவ மட்டும் தூக்கணுமா, ஒங்கக்காவயும் ஒன்னையும் சேத்து அடிவாரத்துல பொறுக்கணுமா? நீயே சொல்லு."

"தெருவெல்லாம் மூணர மூணரன்னு சொல்றது சரியாதான் இருக்கு. கிறுக்கன்யா நீ."

"ஆமா. கிறுக்கன்தான். கொஞ்சம் தள்ளி நில்லு, வெளிச்சம் மறைக்குது."

நான் குழியிலிருந்து ஒரு கொக்கியை எடுத்தேன். ஒரு பிரியை உருவினேன். மரையில் ஒவ்வொரு சுற்றிலும் சந்தனம் காரை மாதிரி கெட்டியாக இருந்தது. இழுத்தேன், கழுவினேன், முள்ளால் குத்தினேன், மறுபடி இழுத்தேன். அவரிடம் நீட்டினேன். திருகினார். "மூணேகால்" என்று திருப்பிக் கொடுத்தார். பின்னால் யாரோ கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். இரண்டு சொட்டு மழை என் கைமேல் விழுந்தது. மறுபடி இழுத்தேன். அடியில் கடைசி மரையில் ஒரு கடுகு அளவு சந்தனம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை முள்ளால் எடுத்துவிட்டுக் கொடுத்தேன்.

"மூணு, மூணர." நாக்கை அமுக்கினார். அசையவில்லை. கொக்கியை உள்ளங்கையில் நான்கு தடவை தட்டினார். மறுபடி அமுக்கினார்.

மொத்தம் பன்னிரண்டு நிமிடம். என் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். இருபது பேர் திட்ட, மழை தொடங்க, கீழே ஒரு பெண் கிடக்க, ஒரு மனிதர் பன்னிரண்டு நிமிடம் உட்கார்ந்து மரை சுத்தம் செய்தார். அவருடைய கை ஒரு தடவைகூட அவசரப்படவில்லை.

பிறகு இறங்கினார். தசரதன் மாமா கயிற்றை இன்னொரு பாறையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். திண்டில் கால் வைத்ததும் ஜோதியம்மாளின் காலைத் துண்டால் இரண்டு குச்சி வைத்துக் கட்டினார். வாரை அவர் இடுப்பிலும் தொடையிலும் சுற்றி, மூன்றாவது கொக்கியால் அதே கயிற்றில் மாட்டினார். கீழேயிருந்து அவர் எண்ணுவது எங்களுக்குக் கேட்டது. மூன்றரை கேட்டதும் கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"இழு!"

ஆறு பேர் இழுத்தோம். அப்பா பாறையில் காலை ஊன்றி, ஜோதியம்மாளை இரண்டு கையாலும் பாறையில் உரசாமல் தாங்கிக்கொண்டே ஏறினார். மேல் விளிம்பு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அங்கே காலை ஊன்ற இடமில்லை. கயிறு விளிம்பில் மடங்கியது. ஜோதியம்மாளின் கொக்கி கல்லில் வந்து மோதியது. நான் கயிற்றை மற்றவர்களிடம் விட்டு, விளிம்பில் குப்புறப் படுத்து அதைப் பார்த்தேன். கொக்கி திரும்பியிருந்தது. நாக்கு இருந்த பக்கம் முழுதும் கல்லில் அழுந்தி, இரண்டு பேர் பாரத்தோடு 'கர்'ரென்று தேய்த்துக்கொண்டு ஒரு சாண் தூரம் மேலே வந்தது. பூட்டாத நாக்காக இருந்திருந்தால் கல்லே அதை உள்ளே தள்ளித் திறந்துவிட்டிருக்கும். கயிறு வெளியே வந்திருக்கும். குழல் தேய்ந்தது. நகரவில்லை.

நாங்கள் ஜோதியம்மாளின் தோளைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டோம். பின்னாலேயே அப்பா முழங்காலில் ஏறி வந்தார். அப்போதுதான் மழை கொட்டியது. பரசுராமன் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு அப்பாவிடம் வந்தார்.

"அந்தக் கொக்கில இன்னாதாங்க இருந்துச்சி?" என்றார். முதல் தடவையாக "ங்க" போட்டார்.

"சந்தனம். பூஜைக்கு வச்சது மரைல காஞ்சிடுச்சி."

"யாரு வச்சது?"

"நான்தான்" என்றார் அப்பா.

ஜோதியம்மாளைக் கட்டிலில் வைத்து இறக்கினார்கள். கால் கூடிவிட்டது, கொஞ்சம் விந்தி நடக்கிறார். இந்தத் தையில் எங்கள் வீட்டு வாசலில் முதலில் வந்து உட்கார்ந்தவர் அவர்தான்.

அன்று வீடு திரும்பி, ஈரக் கயிற்றைக் கொடியில் போட்டுவிட்டு, அப்பா கொக்கிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நைனா, சந்தனம் வச்சது நான். எதுக்கு ஒன்மேல போட்டுக்கின?"

"வச்சது நீதான். பாக்காம கோணில அள்ளிப் போட்டுக்கினு மலை ஏறினது யாரு?"

"அவசரத்துல..."

"அவசரத்துலதான் பாக்கணும். அவசரம் இல்லாதப்ப எல்லாரும்தான் பாப்பாங்க." துடைத்த கொக்கியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "சாமான யாரு வேணா தொடலாம், யாரு வேணா இன்னா வேணா வைக்கலாம். எறங்கறவன் பாக்கணும். அது என் வேல. அதுல ஒனுக்குப் பங்கு கெடையாது."

நான் இன்னொரு துணியை எடுத்து ஒரு கொக்கியைத் துடைத்தேன்.

"மூணு கொக்கில எது நல்லா சொழண்டுச்சி தெரிமா?" என்றார்.

"எது?"

"நீ தேச்சது. என்னுது ரெண்டுலயும் கடைசில கொஞ்சம் பிடிச்சிச்சி. ஒன்னுது வெண்ண மாரி போச்சி. அதான் அத அந்தம்மாவுக்கு மாட்னேன்."

அதற்குள் அம்மா தட்டோடு வந்தாள். சூடம், சந்தனம், குங்குமம். மறுபூஜை செய்யாமல் எடுத்த சாமானுக்கு இப்போதாவது செய்ய வேண்டும் என்றாள். அப்பா மறுக்கவில்லை. ஆறு கொக்கிகளையும் குழலைக் கடைசிவரை இறுக்கி, பலகையில் வரிசையாக வைத்தார். அம்மா சந்தனக் கிண்ணத்தை என்னிடம் தர யோசித்தாள். அவர் அதை வாங்கி என் பக்கம் நகர்த்தினார். ஒரு கொக்கியைத் தூக்கி, நேர்ப்பக்கத்தை விரலால் தட்டிக் காட்டினார்.

"இங்க வை. முதுகுல."

ஆறு பொட்டும் நான் வைத்தேன்.